பெயர் தெரிந்தால் பாதிக் களை போச்சு

திண்டுக்கல்லில் வீட்டுக்கு முன்னால் புல்தரை போடுவது புதுப் பழக்கம். களை எடுப்பது இங்கே முதல் ஏர் ஓடிய நாளிலிருந்து இருக்கும் பழக்கம். புதுப் பழக்கத்தில் சிக்கல் வந்தால் பழைய பழக்கத்திடம்தான் வழி கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், தெருவில் யார் வீட்டுப் புல்லில் களை தலைகாட்டினாலும் என்னிடம் வருகிறார்கள். "டீச்சர், எந்த மருந்து அடிக்கலாம்?" என்பது அவர்கள் கேள்வி. "என்ன களை?" என்பது என் கேள்வி. அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

அந்தப் பதில் இல்லாமல் மருந்தைத் தேடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சமவெளியில் களையை வென்ற கதைகளும் தோற்ற கதைகளும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கின்றன. வென்ற இடத்தில் எல்லாம் யாரோ ஒருவருக்குக் களையின் குணம் தெரிந்திருந்தது. தோற்ற இடத்தில் கையில் ஆயுதம் மட்டும்தான் இருந்தது.

கள்ளிக்கு வந்த காலன்

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சீமை 1790-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1792-ல் திப்பு சுல்தானோடு போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அது உறுதியானது. அந்தக் காலத்தில் கம்பெனிக்கு நிலத்தின் மேல் மட்டுமல்ல, ஒரு பூச்சியின் மேலும் ஆசை இருந்தது. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின் மேல் வளர்க்கப்பட்ட அந்தச் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் அருமையான செஞ்சாயம் கிடைக்கும். அதன் வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரர்களிடம் இருந்தது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-லிருந்தே இதைப் பற்றி லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். பூச்சி வருவதற்கு முன்பே அதற்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்.

1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி கல்கத்தா வந்து சேர்ந்தது. வந்தது அவர்கள் தேடிய சாயப்பூச்சி அல்ல, அதன் உறவுக்காரப் பூச்சி. சாயத்துக்கு அது தேறவில்லை. ஆனால் ஒரு வகைக் கள்ளியின் மேல் ஏறினால், சாற்றை உறிஞ்சி அதை அடியோடு சாய்த்தது. இதைக் கவனித்தவர்கள் 1836-லிருந்து 1838-க்குள் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இம்முறை கள்ளியை ஒழிப்பதற்கென்றே விட்டார்கள். ஒரு களையை அழிக்க மனிதர் தெரிந்தே ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டு வெற்றி கண்டது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அதன் பிறகு 1860-களில் இலங்கையும், 1913-14 வாக்கில் தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இந்தப் பூச்சியை எடுத்துக்கொண்டன.

இந்த வெற்றிக்குள் ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பூச்சி தின்றது மரம்போல் உயரும், முள் குறைந்த ஒரே ஒரு கள்ளியை. புதராகப் படர்ந்து மஞ்சள் முள் விடுகிற இன்னொரு கள்ளியை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊரார் கண்ணுக்கு இரண்டும் சப்பாத்திக்கள்ளிதான். பூச்சிக்கு அவை இரண்டும் வேறு வேறு. மரக்கள்ளி மறைந்த பிறகு புதர்க்கள்ளி மேட்டுக்காட்டையும் கண்மாய்க்கரையையும் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு நூறாண்டு அது நின்றது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. முதல் பூச்சியின் இனம்தான், ஆனால் இதற்குப் பிடித்தது புதர்க்கள்ளி. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது.

வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மாச்சி அதைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறார். "கள்ளி மேல வெள்ளையாப் பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கும்த்தா. தொட்டு நசுக்குனா கையெல்லாம் ரத்தம். அப்புறம் மட்டை மட்டையா வத்திக் கீழ விழுந்துரும்" என்பார். அந்தப் பஞ்சுதான் பூச்சியின் மெழுகுப் போர்வை, அந்த ரத்தம்தான் கம்பெனி தேடிய சாயம். மருந்தும் இல்லை, கூலியும் இல்லை. எந்தக் கள்ளிக்கு எந்தப் பூச்சி என்று தெரிந்துகொண்டதுதான் மொத்த வேலையும்.

புகையிலைக் காளான்

திண்டுக்கல் என்றால் பூட்டும் சுருட்டும் என்று வெளியூர்க்காரர்கள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கே நடந்தது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்று புகையிலைக்கு ரகப் பெயர்கள் உண்டு. உப்புத் தண்ணீர்க் கிணறு இருக்கிற தோட்டத்தில் விளையும் வாய்ப் புகையிலைக்குத் தனி மவுசு. 1948-ல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்தப் பயிரைக் கெடுக்கும் களையும் அங்கேயே வேரூன்றி இருந்தது. ஊரில் அதைப் புகையிலைக் காளான் என்பார்கள்.

அது காளான் இல்லை. பூக்கிற, விதை விடுகிற செடிதான். ஆனால் உடம்பில் பச்சையம் கிடையாது. புகையிலை வேரைக் கவ்விக்கொண்டு மண்ணுக்கடியிலேயே வளரும். நட்டு ஐம்பது நாளை ஒட்டி, மார்கழியில், வெளிறிய மொட்டாக மண்ணைப் பிளந்து வெளியே வரும். அதைக் கண்ணால் பார்க்கும்போது பயிரின் சாறு பாதி போயிருக்கும். ஒரு செடியில் லட்சத்துக்கும் மேல் விதை. தூசி போன்ற அந்த விதை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அம்மாச்சி அதை எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்டைப் பிடித்து இழுக்க மாட்டார். பெருவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் மொட்டைச் சுற்றி மண்ணுக்குள் இறக்குவார். வேரில் அது ஒட்டியிருக்கும் புடைப்பு விரலுக்குத் தட்டுப்பட்டதும் மணிக்கட்டை லேசாகத் திருப்புவார். புடைப்போடு முழுசாக வந்துவிடும், புகையிலை ஆடாது. எடுத்ததை இடுப்பில் கட்டிய சாக்கில் போடுவார். வரப்பில் எறிந்தால் அங்கே கிடந்தபடியே பூத்து விதை கொட்டும். குப்பைக்குழியிலும் போட மாட்டார். ஆட்டுக்குப் போட யாராவது கேட்டால், "போடாத. எரு வழியாத் திரும்பக் காட்டுக்கே வந்துரும்" என்பார். பொழுது சாய்ந்ததும் சாக்கைக் கொட்டிக் கொளுத்திவிட்டுத்தான் கூலி வாங்கப் போவார்.

புகையிலை போட்ட காட்டில் அடுத்து எள்ளோ உளுந்தோ விதைத்தால் காளான் குறையும் என்பதும் அந்தப் பெண்களுக்குத் தெரியும். அதன் காரணத்தை நான் பிறகு புத்தகத்தில் படித்தேன். இந்தக் களையின் விதை தண்ணீர் பட்டதால் மட்டும் முளைப்பதில்லை. பக்கத்து வேரிலிருந்து கசியும் ஒரு பொருளை உணர்ந்த பிறகே முளைக்கும். எள் வேரும் அந்தச் சைகையைக் கொடுக்கும், ஆனால் சோறு போடாது. நம்பி முளைத்த விதை பட்டினியில் செத்துப்போகும். இவ்வகைச் சைகைப் பொருள் ஒன்றை விஞ்ஞானிகள் முதன்முதலாக 1966-ல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எள் விதைத்த பெண்கள் அந்த வேதிப்பெயரைக் கேட்டதில்லை. அதன் வேலையை அறிந்திருந்தார்கள்.

புல்லும் கோரையும்

இனி நம் வீட்டுப் புல்தரைக்கு வருவோம். இந்த ஊர் வெயிலுக்கும் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைக்கும் தாக்குப்பிடிக்கும் புல் அருகுதான். நர்சரியில் கொரியன் புல்லும் மெக்சிகன் புல்லும் விற்கிறார்கள். அவையும் வளரும், ஆனால் கவனிப்பும் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். 1977-ல் லீராய் ஹோம் என்ற அமெரிக்கரும் அவருடைய சகாக்களும் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் கோரைக்கு, இரண்டாம் இடம் அருகுக்கு. அதாவது நாம் புல்தரைக்கென்று நடுவது உலகின் இரண்டாவது பெரிய களை, அதற்குள் புகுந்து தொல்லை கொடுப்பது முதலாவது. கடலைக்காட்டில் அருகைக் கண்டால் விவசாயி நிம்மதி இழப்பார். அதே அருகு வீட்டு வாசலில் பாய் விரித்தால் நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறோம்.

கோரை தானாக வந்து சேர்வதில்லை. புல்தரைக்கு மண் வேண்டுமென்று கண்மாய் வண்டலை லாரியில் இறக்குகிறார்கள் இல்லையா, பெரும்பாலும் அதில்தான் கிழங்காக வந்து இறங்குகிறது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் கருப்பாக, பட்டாணி அளவில், கம்பி போன்ற தண்டில் ஒன்றோடொன்று கோத்த கிழங்குகள் தெரியும். மேலே இலையைப் பிடுங்கினால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கும். தங்கிய கிழங்கு மறுபடி முளைக்கும். சங்கிலி அறுந்ததால் தூங்கிக் கிடந்த அடுத்த கிழங்கும் விழித்துக்கொள்ளும். களை எடுக்கப் போன சிறுமிகளுக்கு அம்மாச்சி சொன்ன முதல் பாடமே அதுதான்: "தலையக் கிள்ளிட்டுப் போகாதீக. கெழங்கத் தேடுங்க."

கோரைக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று நிழல், இன்னொன்று காய்ச்சல். அடர்ந்த பயிரின் கீழ் அது நோஞ்சானாகிவிடும். சித்திரையில் கோடை உழவு போட்டுக் கிழங்கைப் புரட்டி வெயிலில் காய விட்டால் சுருங்கிச் சாகும். நம் முன்னோர் முதல் மழைக்கே கோடை உழவு போட்டதில் ஈரம் சேமிக்கும் எண்ணத்தோடு இந்தக் களைக் கணக்கும் சேர்ந்திருந்தது.

மருந்து வந்த கதை

களைக்கு மருந்து என்பது இந்தியாவுக்கு அவ்வளவு பழைய சங்கதி இல்லை. 1937-ல் பஞ்சாபில் சோடியம் ஆர்சனைட்டை வைத்துச் சோதித்தார்கள். அது ஆர்சனிக் நஞ்சு, மண்ணையும் மனிதரையும் சேர்த்துக் கெடுப்பது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கண்டறியப்பட்ட 2,4-டி 1946-ல் இங்கே சோதனைக்கு வந்தது. அதுதான் திருப்புமுனை. செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போல நடித்து, அகன்ற இலைச் செடியைத் தாறுமாறாக வளரவைத்து முறுக்கிக் கொல்லும். புல் இனத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். நெல்லிலும் சோளத்திலும் அது பரவியதற்கும், உலகம் முழுக்கப் புல்தரைக்காரர்கள் அதைக் கொண்டாடியதற்கும் காரணம் இந்தப் பாகுபாடுதான்.

அதே பாகுபாடு திண்டுக்கல்லில் ஆபத்தாகவும் திரும்பும். இந்த மருந்தின் சாரல் பட்டாலே சுருண்டுபோகும் பயிர்களில் முன்வரிசையில் நிற்பவை பருத்தி, திராட்சை, தக்காளி, புகையிலை. நம் சமவெளிக்குச் சோறு போட்ட பயிர்கள் அவை. வெள்ளோடு, நிலக்கோட்டைப் பக்கம் திராட்சைப் பந்தல், ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி. ஊர் விரிந்து வீட்டுமனைகள் தோட்டத்தை ஒட்டி வந்துவிட்ட காலம் இது. ஆடிக்காற்றில் ஒருவர் தன் புல்தரைக்கு அடித்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் கொடியில் இலை கிண்ணம்போல் மடங்கும். அகன்ற இலைக்கான இந்த மருந்து கோரையை ஒழிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோரை கிழங்கிலிருந்து திரும்ப வரும்.

அடுத்து வந்தது கிளைபோசேட். 1970-ல் ஜான் ஃபிரான்ஸ் என்ற வேதியியலாளர் மான்சாண்டோ நிறுவனத்தில் அதன் களைகொல்லும் திறனைக் கண்டார், 1974-ல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பாகுபாடு கிடையாது. பச்சை எல்லாம் ஒன்று, புல்தரையும் சேர்ந்து கருகும். நம் மத்திய அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்றது. வீட்டுக்காரர் தானே பாட்டில் வாங்கி வந்து தெளிக்கிற சரக்கு அல்ல அது.

மருந்துக்கு இந்த ஊர் இவ்வளவு வேகமாகப் பழகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற வழியெங்கும் நூல் மில்கள் எழுந்தன. களை எடுக்கப் போயிருக்கக்கூடிய பெண்பிள்ளைகள் மில் வேனில் ஏறினார்கள். கைகள் குறைந்த இடத்தில் கைத்தெளிப்பான் வந்தது. போனதை நான் குறை சொல்ல மாட்டேன். நாளெல்லாம் குனிந்து எடுக்கிற வேலைக்கு ஆண் கூலியில் பாதிதான் கொடுத்தார்கள். அந்தக் கூலிக்கு அந்த அறிவைத் தக்கவைக்க முடியாது. ஆனால் அவர்களோடு சேர்ந்து எந்தக் களையை எந்த மாதத்தில் எப்படி எடுப்பது என்கிற படிப்பும் காட்டைவிட்டுப் போனது. அதை எழுதிவைக்க யாரும் நினைக்கவில்லை.

பார்த்தீனியம் கற்றுக்கொடுத்தது

புது எதிரி வந்தால் பழைய அறிவு போதாது என்பதற்குப் பார்த்தீனியம் சாட்சி. 1955 வாக்கில் புனேயில் முதலில் கண்ணில்பட்டு, அமெரிக்கக் கோதுமையோடு நாடு முழுக்கப் பரவியதாகச் சொல்லப்படும் செடி அது. நம் பெண்களுக்கு அது புதிது. வெறுங்கையால் பிடுங்கினார்கள், சிலருக்குக் கையும் கழுத்தும் தடித்து அரித்துப் புண்ணாயின. செடியின் மேலிருக்கும் நுண்முடியும் மகரந்தமும் செய்கிற வேலை அது. மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து 1984-ல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையை மொட்டையடிக்கும். காய்ச்சல் வந்தால் மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். நம்மைப் போன்ற வறண்ட சீமையில் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. கள்ளிக்குப் பலித்த முறை இங்கே பாதிதான் பலிக்கிறது, ஏனென்றால் கள்ளி ஆண்டு முழுக்க நிற்கும், பார்த்தீனியம் ஒரு மழைக்கு முளைத்து அடுத்த மழைக்குள் விதை போட்டுவிடும்.

அப்படியானால் என்ன செய்வது?

புல்தரை போடும் முன்பே பாதிச் சண்டையை முடித்துவிடலாம். மண்ணைச் சித்திரை வெயிலில் கொத்திப் புரட்டிக் காய விடுங்கள், தென்படும் கோரைக்கிழங்கைப் பொறுக்கி எரியுங்கள். பிறகு தண்ணீர் விட்டு, உள்ளே கிடக்கும் விதையெல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருந்து, முளைத்ததை மேலாகச் சுரண்டி எடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கிற விதை மேலே வரும். இதை இன்னொரு முறை செய்த பிறகு அருகு நடுங்கள். எருவை நன்றாக மட்கவைத்துப் போடுங்கள், பச்சை எரு போட்டால் மாடு தின்ற களையெல்லாம் உங்கள் வாசலில் முளைக்கும்.

போட்ட பிறகு வரும் களைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நெருஞ்சி, அம்மான் பச்சரிசி, குப்பைமேனி, பார்த்தீனியம் ஆகியவை விதையால் வாழ்பவை. பூ விடும் முன் ஆணிவேரோடு எடுத்துவிட்டால் கதை முடிந்தது. பார்த்தீனியத்துக்கு மட்டும் கையுறை வேண்டும். மூக்கிரட்டை போன்றவை கிழங்குபோல் தடித்த வேரால் வாழ்பவை. மழை பெய்த மறுநாள் நீளக் கம்பியால் நெம்பினால் வேர் முழுசாக வரும். மூன்றாவது கோரை. தண்ணீர் தேங்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள், புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுங்கள், நிழல் அதை ஒடுக்கும். முளைத்ததை விடாமல் கிழங்கோடு எடுத்துவந்தால் உள்ளே சேமிப்பு தீர்ந்து ஓயும். ஒரு மாதத்தில் முடியாது, ஓரிரு பருவம் பிடிக்கும். இதையெல்லாம் செய்தும் கை மீறிப்போன பெரிய புல்தரைக்குத்தான் மருந்து. அப்போதும் கோரைக்கு உரியது வேறு, அகன்ற இலைக்கு உரியது வேறு என்பதை உணர்ந்து, லேபிளில் அந்தப் பயன்பாடு இருக்கிறதா என்று படித்து, வேளாண் அலுவலரிடம் கேட்டு, காற்று அடங்கிய காலையில் அடிக்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன், இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். சந்தைப்பேட்டையிலும் உழவர் சந்தையிலும் கீரை விற்கிற அறுபது எழுபது வயது அம்மாக்களில் பலர் ஒரு காலத்தில் களைக்காட்டில் நின்றவர்கள். அவர்களில் ஒருவரை அழைத்து வந்து உங்கள் புல்தரையைக் காட்டுங்கள். எது விதையில் வந்தது, எது கிழங்கில் வந்தது, எது கீரையாகச் சட்டிக்குப் போகக்கூடியது என்று நின்ற இடத்திலேயே சொல்வார்கள். சொன்னதற்குப் பேசாமல் ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியனுக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். கூடவே உங்கள் பிள்ளைகளையும் நிறுத்தி, பெயர்களை எழுதி வாங்கச் சொல்லுங்கள். பாதிக் கூலிக்கு நாம் வாங்கிக்கொண்ட அந்தப் படிப்புக்கு முழுக் கூலி கொடுக்க இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.